என் மகனுக்கு ஒரு தங்கை

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடிய நேரம். மதுரையில் தினம் பார்க்கும் கோயில் யானை போதாதென்று, தேக்கடி சரணாலயத்தில் காட்டு யானை பார்த்தே தீருவேன் என்று கிளம்பினார் என் கணவர். கைக்குழந்தையோடு நானும் போனேன். காய்ச்சலில் கிடந்து எனக்குப் பால் வற்றியிருந்தது. கூஜாவில் கொண்டுபோன பசும்பாலோ, வெயிலில் கம்பம் வருவதற்குள் திரிந்துவிட்டது. மேலே குமுளியில் வாங்கிக்கொள்ளலாம் என்றார் அவர். அவருக்கு யானை ஞாபகம்.

மலைப்பாதையில் பாதி ஏறியதும் பஸ் நின்றது. எதிரே வளைவில், குட்டியோடு ஒரு யானை. இன்ஜினும் அணைந்துவிட்டது. கரி பஸ்ஸைச் சட்டென்று கிளப்பவும் முடியாது. சத்தம் கேட்டால் யானை பாய்ந்துவிடும் என்று கண்டக்டர் எச்சரித்தார். சொல்லி வாய் மூடவில்லை, என் பிள்ளை பசியில் வீறிட்டான். தோளில் போட்டுத் தட்டியும் அடங்கவில்லை. யானை காதை விரித்து எங்கள் பக்கம் திரும்பியது. பஸ்ஸே என்னை முறைத்தது. பிள்ளையின் வாயைப் பொத்தச் சொல்லி ஒருவர் சைகை காட்டினார்.

பக்கத்து வரிசையில் ஓர் ஏலக்காய் வியாபாரியின் மனைவி, முஸ்லிம் பெண், மடியில் தன் பெண் குழந்தையோடு இருந்தாள்.

"இங்கிட்டுக் கொடு தாயி, நான் பசியாத்துறேன்."

வெளியார் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத குடும்பம் எங்களுடையது. கணவரைப் பார்த்தேன். தலையசைத்தார். அவள் தன் மகளை என் மடியில் போட்டுவிட்டு, என் மகனை முந்தானைக்குள் வாங்கிக்கொண்டாள். அழுகை நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த யானை, குட்டியை முட்டித் தள்ளியபடி சரிவில் இறங்கிப் போனது. அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

குமுளியில் இறங்கும்போது அவள் சிரித்தாள். "ஒரு பால் குடிச்ச பிள்ளைக எங்க மார்க்கத்துல அண்ணன் தங்கச்சி. நாளைக்கு இவனுக்குப் பொண்ணு கேட்டு எங்க வீட்டுக்கு வந்துராத தாயி."

சரணாலயத்தில் படகில் போய் யானைக் கூட்டத்தையே பார்த்தோம். கணவருக்குக் கொண்டாட்டம். எனக்கோ, அவள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டோமே என்பதே நினைப்பு.

பிறகு என் மகன் கல்யாணத்தில், தாலியில் நாத்தனார் முடிச்சுப் போட மாப்பிள்ளையின் தங்கையைக் கூப்பிட்டார் புரோகிதர். ஒற்றைப் பிள்ளைக்குத் தங்கை ஏது என்று சொல்லிவிட்டு, சித்தப்பா மகளை அழைத்து வந்தார்கள். இருக்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது.

இன்றும் மதுரைக் கடைத்தெருவில் என் மகன் வயதுடைய ஒரு பெண் முக்காட்டோடு எதிரே வந்தால், இவளாக இருக்குமோ என்று ஒரு கணம் நின்று, முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.