நகத்தில் ஏறிய களிம்பு

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு சரி. பாதி மறந்தும் போயிற்று.

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்த நாலாம் மாதம், என் விரல் நகங்களில் ஊசியால் குத்தினதுபோலக் குழி விழுந்தது. அப்புறம் மஞ்சளாகித் தடித்தது. இப்போது சொரியாசிஸ் என்கிறார்கள். மாமியார் பார்த்துவிட்டு, "வர்ற ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போறல்ல, நகம் தேறினப்புறம் வந்தா போதும்" என்றார். வீட்டுக்காரரை விட்டு அத்தனை மாதமா? அழுகை வந்தது. வாய்விட்டுச் சொல்ல வெட்கம்.

இவர் என்னைத் திருச்சியில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார். தொற்றாது, தினமும் பூச வேண்டும், நல்ல நகம் வளர மாதக்கணக்காகும் என்று டாக்டர் ஒரு டப்பா கொடுத்தார். வீடு திரும்பியதும் வாசலிலேயே இவர், "தொத்து வியாதி இல்லியாம்மா, நகத்துக்குக் களிம்புதான்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

மாமியாருக்குத் தெரிந்த களிம்பு, பித்தளையில் பச்சையாகப் பூப்பதுதான்.

"களிம்பா! இதுக்கா டாக்டரு? நம்ம வீட்டுல புளி இல்லையா?"

திருத்தியிருக்கலாம். விரலை நீட்டிவிட்டேன். அன்றிலிருந்து தினமும் குடம், சொம்பு, அண்டா, அடுத்து என் பத்து விரல். மாமியாரே புளி போட்டுத் தேய்ப்பார். எரியும். கழுவிவிட்டு, கொல்லைப்பக்கம் போய் டாக்டர் மருந்தைப் பூசிக்கொள்வேன். அது தார் வாசனை அடிக்கும்.

"எங்கேர்ந்துடி இந்த நாத்தம்?"

"உத்தர வீதியில ரோடு போடுறாங்க அத்தே."

"மூணு மாசமாவா?"

"கோயிலச் சுத்தி நாலு பக்கமும் போடணுமே அத்தே."

ஆனிக் கடைசியில் டப்பா மாமியார் கையில் அகப்பட்டுவிட்டது. கம்பவுண்டர் சீட்டு ஒட்டியிருந்தார். மாமியாருக்குப் படிக்கத் தெரியாது.

"என்னடி எழுதியிருக்கு?"

தொலைந்தேன் என்று நினைத்தேன். "களிம்புன்னு... அத்தே."

திறந்து பார்த்தார். உள்ளே கறுப்பாக அரை டப்பா.

"அடியே, தேய்ச்செடுத்ததச் சேத்தா வெச்சிருக்க? இம்புட்டா வந்துச்சு!"

"டாக்டருக்குக் காட்டத்தான் அத்தே."

அவர் முகத்தில் என்ன ஒரு பெருமை! என் விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியில் நெல்மணி அளவுக்கு நல்ல நகம் வந்திருந்தது.

"ஆடி முடிஞ்ச மறுநாளே வந்துடு. உங்கம்மாவுக்குத் தேய்க்கப் பக்குவம் தெரியாது, மறுபடி பூத்துடும்."

சிரிப்பு தெரியாமலிருக்கத் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றேன்.

முழுசாகத் தேறியது தையிலா மாசியிலா, மருந்து ஒரு வேளையா இரண்டு வேளையா, நினைவில்லை. டாக்டருக்குப் படித்தவர்கள் யாராவது இதைச் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள்.