இருமலுக்குப் பயப்படாத ஒருவர்

எனக்கு இருமல் தொடங்கியது 2024-ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில். அதற்கு முந்தின டிசம்பரில் தாமிரபரணி பெருகி எங்கள் தெருவுக்குள் வந்திருந்தது. திருநெல்வேலியில் ஆற்றை ஒட்டிய தெரு எங்களுடையது. தண்ணீர் வடிந்த பிறகு நானும் என் மனைவி லில்லியும் வீட்டிலிருந்த சகதியை வாரி வெளியே கொட்டினோம். என் புத்தகங்களில் பாதி பூசணம் பிடித்து அலமாரியோடு போயின. அந்த வெள்ளத்துக்கும் என் வியாதிக்கும் சம்பந்தம் உண்டா என்று பின்னால் டாக்டரிடம் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். ஆகையால் நானும் அதை உறுதியாக எழுதவில்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு இன்னும் சுகமாகவில்லை. ஆனாலும் ஜெபம் கேட்கப்பட்டது. அது நடந்த விதத்தை, விசுவாசக் குடும்பத்தாராகிய உங்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அந்த ஈஸ்டருக்குள் எடை குறைந்துவிட்டது. சாயங்காலமானால் காய்ச்சல். சளியில் ரத்தக் கீற்று தெரிந்த அன்று லில்லி என் கைக்குட்டையைப் பிடுங்கிப் பார்த்தாள். உடனே போய் ஆட்டோ பிடித்து வந்தாள். எக்ஸ்ரே பார்த்து டிபி என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை. ஒரு நாளும் தவறவிடாமல் விழுங்கினேன். இருமல் நிற்கவில்லை.

நவம்பர் மாதம், அடைமழைக்கு நடுவில், சளியிலிருந்த கிருமியை வளர்த்துப் பார்த்த சோதனையின் முடிவு வந்தது. காசநோய் இல்லை. அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு கிருமி. மண்ணிலும் தண்ணீரிலும் சாதாரணமாக இருப்பது. பெரும்பாலோரை ஒன்றும் செய்யாது. சிலருடைய நுரையீரலில் மட்டும் தங்கிவிடும். பொதுவாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஆனால் வைத்தியம் நீளமானது, ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம் என்றார் டாக்டர்.

தொற்றாது என்ற சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மற்றவர்களால் அப்படிப் பிடித்துக்கொள்ள முடியவில்லை.

கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் மகளுக்கு அந்த மாதம்தான் ஆண் குழந்தை பிறந்தது. "டாக்டர் சொன்னா சரிதாம்ப்பா. ஆனா பிள்ளைக்கு மூணு மாசம் ஆகட்டுமே" என்றாள். மூன்று மாதம் ஐந்து மாதமானது. ஞானஸ்நானத்துக்கு லில்லி மட்டும் போனாள். அங்கிருந்து போனில் காட்டினாள். குழந்தையின் தலையில் தண்ணீர் பட்ட நேரத்தில் எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் துண்டால் துடைத்துவிட்டார்கள். பேரன் அழுதானா என்றுகூட எனக்குத் தெரியாது.

சபையிலும் அப்படித்தான். அப்பமும், ஒரே பாத்திரத்திலிருந்து திராட்சரசமும் எல்லோரும் வாங்கும் திருவிருந்து ஆராதனை, புது வருஷத்தின் முதலாவது தொடங்குவதற்கு முன்னால், சபை மூப்பர் செல்லத்துரை அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஒண்ணும் நினைச்சுக்கிடாதீங்க தம்பி. பாத்திரம் எல்லாருக்கும் ஒண்ணுல்லா. நீங்க கடைசியா வந்து வாங்கிக்கிடுங்க."

அவர் கெட்டவர் அல்ல. நான் படுக்கையில் கிடந்த நாட்களில் வாரந்தோறும் ஆட்டுக்கால் சூப்பு கொண்டுவந்து கொடுத்தவர். அதனால்தான் அதிகமாக வலித்தது. எல்லோரும் போய்த் திரும்பி உட்கார்ந்த பிறகு, நடுப்பாதையில் நான் மட்டும் தனியாக நடந்து போனேன். நான் உட்காரும் பெஞ்சிலும் ஆள் குறைந்தது. இருமல் வந்தால் முன் பெஞ்சுக்காரர்களின் தோள்கள் ஒருமுறை விறைக்கும். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பிறகு நான் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

மாத்திரைகள் வயிற்றைப் புரட்டின. ஊசி போட்ட மாதங்களில் காதுக்குள் வண்டு இரைவதுபோல் ஒரு சத்தம் வந்தது. அது இன்றுவரை முழுதாகப் போகவில்லை. கண்ணுக்கும் அடிக்கடி சோதனை. வாசிப்புதான் என் வாழ்நாள் சந்தோஷம். இரண்டு பக்கம் படித்தால் எழுத்து மங்கியது. அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமைக்கு முந்தின வாரம் லில்லியிடம், "போதும். இனி மாத்திரை வேண்டாம்" என்றேன். அவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, பெண்கள் கோயிலைக் கழுவப் போயிருந்தார்கள். லில்லியும் போயிருந்தாள். வெயில் நேரம். வீட்டில் நான் மட்டும். முழங்கால் போடத் தெம்பில்லை. நாற்காலியில் இருந்தபடியே ஜெபித்தேன். "ஆண்டவரே, சுகத்தைப் பற்றி ஒரு வருஷமாகக் கேட்டுவிட்டேன். இனி அதை உம்முடைய இஷ்டத்துக்கு விடுகிறேன். நான் இருமும்போது எழுந்து போகாத ஒருத்தரைக் காட்டும். அது போதும்."

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அழுதேன்.

ஈஸ்டர் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள் வந்தது. நான் மறுத்தேன். "மாத்திரை வேண்டாம்னா அதை டாக்டர்கிட்ட சொல்லுங்க. எங்கிட்ட என்னத்துக்குச் சொல்லுதீங்க?" என்றாள் லில்லி. அவள் வாயை அடைப்பதற்காகத்தான் போனேன்.

நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு வெளியே ஒரு மரநிழலில் நீளமான சிமெண்டு பெஞ்சு உண்டு. அதன் ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். என் வயதுக்காரர் ஒருவர் மறு ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். கட்டம்போட்ட சட்டை, கழுத்தில் கத்தோலிக்கர் போடும் உத்தரியம், வெயிலில் கறுத்த முகம். எனக்கும் அவருக்கும் இடையில் நான்கு பேர் உட்காரலாம்.

"ஏம்வே, நடுவுல யாருக்கு இடம் போட்டு வச்சிருக்கீரு? கலெக்டர் வாராரா?"

"எனக்கு இருமல்" என்றேன்.

"எனக்கு மட்டும் என்ன, நாதஸ்வரமா?" நகர்ந்து என்னை ஒட்டி உட்கார்ந்தார். "என்ன கிருமி?"

சொன்னேன். அவர் என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "அட, நம்ம ஆளு! இது டிபி இல்லவே. டிபிக்குச் சித்தப்பா மவன். டிபின்னா மருந்து கண்டதும் ஆறு மாசத்துல கெளம்பிருவான். இவன் வந்து உக்காந்தா வீட்டுப் பத்திரத்தை எடுன்னு கேப்பான்."

அவர் பெயர் மிக்கேல் பர்னாந்து. புன்னக்காயல்காரர். படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். இந்த வியாதியில் எனக்கு மூன்று வருஷம் மூத்தவர். பேச்சுவாக்கில், திருவிருந்துக்கு என்னைக் கடைசியில் வரச் சொன்ன கதையை அவரிடம் சொன்னேன். லில்லியைத் தவிர யாரிடமும் அதுவரை சொல்லியதில்லை. அவர் இரக்கப்படுவார் என்று நினைத்தேன்.

"கடைசியில நின்னாலும் கிடைக்குதுல்லா? எங்க சாமியாரு பூசையில அந்தப் பாத்திரத்தை எங்க பக்கம் நீட்டுறதே கிடையாது. அப்பத்தோட சரி. உமக்கு அடிச்ச யோகத்துக்கு நீரு அழுதுக்கிட்டு இருக்கீரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலானது. என்னைப் பார்த்து அவருக்கும் தொடங்கியது. இரண்டு பேரும் முதுகு வளைத்து, கண்ணில் நீர் வழிய இருமினோம். நர்சம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "யாரு அங்கன கச்சேரி வைக்கது?" என்று அதட்டினார். நாங்கள் அடங்கியபோது அவருடைய கை என் முதுகில் இருந்தது. அவர் எழுந்து போகவில்லை.

மாத்திரையை நிறுத்திவிட்ட செய்தியைப் பிறகு சொன்னேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"நானும் நிறுத்தினேன்வே. மவ கல்யாணம். வாந்தி எடுத்துக்கிட்டுக் கோயில்ல நிக்க முடியுமா? ஒரு மாசம்னு நினைச்சேன், எட்டு மாசமாச்சு. அந்த எட்டு மாசத்துல போன நெஞ்சு திரும்பி வரல. மருந்தும் முன்ன மாதிரி கேக்க மாட்டேங்கு." டாக்டரின் அறையைக் கைகாட்டினார். "உள்ள போயி டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லும். திட்டுவாரு. வாங்கிக்கிடும்."

டாக்டர் திட்டினார். வாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலம் மறுபடியும் மாத்திரை விழுங்கினேன்.

அது முதல் தினமும் காலையில் மிக்கேலிடமிருந்து போன் வரும். நான் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்ததும் எனக்குத் 'தபால்' என்று பெயர் வைத்துவிட்டார். "ஓய் தபால், சளி வெளிய வந்துச்சா?" இதுதான் எங்கள் காலை வணக்கம். கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் தொண்டையைத் திறந்து ஊதினால் சளி பைய மேலே ஏறி வரும் என்று, ஆஸ்பத்திரியில் தான் கற்றதை எனக்குப் போனிலேயே சொல்லிக்கொடுத்தார். இருவரும் போனைப் பிடித்துக்கொண்டு ஊதுவோம். லில்லி அந்த அறையைத் தாண்டும்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போவாள். அது பயத்தினால் அல்ல, சிரிப்பை அடக்குவதற்காக.

ஆடி மாதத்தில் எங்களோடு ஏரலைச் சேர்ந்த சிவகாமி டீச்சர் சேர்ந்தார். அதே சிமெண்டு பெஞ்சில் சந்தித்தவர்தான். நெற்றி நிறையத் திருநீறு பூசும் சைவக் குடும்பம். அவருக்கும் இதே கிருமி. இருமலால் பள்ளிக்கூடத்திலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிவிட்டார். மூவருக்குமாக மிக்கேல் வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கி, 'இருமல் சபை' என்று பெயர் வைத்தார்.

ஒருநாள் மூவரும் போனில் பேசிக்கொண்டிருந்தபோது டீச்சர் கேட்டார். "அண்ணாச்சி, உங்க ரெண்டு பேருக்கும் சாமி ஒண்ணுதானே? பின்ன எதுக்கு ரெண்டு கோயில்?"

"அதைத் தபாலுகிட்ட கேளுங்க டீச்சர். வீட்டை விட்டுப் போனது அவங்க ஆளுக."

நான் ஆதியிலிருந்து வரலாறு சொல்லத் தொடங்கினேன். இருவரும் போனை வைத்துவிட்டார்கள்.

நான் மறுபடியும் கோயிலுக்குப் போனேன். கடைசியாகத்தான் நடந்தேன். ஆனால் நடுப்பாதையில் போகும்போது மிக்கேலின் பேச்சு நினைவுக்கு வந்து, சிரித்துவிடாமல் இருக்கப் பாடுபட்டேன்.

ஐப்பசியில் மழை தொடங்கியதும் மிக்கேல் தளர்ந்தார். போனில் வார்த்தைகள் குறைந்தன. பிறகு, "நாளைக்குப் பேசுவோம்வே" என்று மட்டும் சொல்வார். ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி, ஆத்தூரில் மாறி, புன்னக்காயலுக்குப் போனேன். கடற்காற்று வரும் ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டிருந்தார்கள். மூக்கில் குழாய். பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் இரைந்துகொண்டிருந்தது.

"பாத்தீரா? உள் எஞ்சின் மக்கர் பண்ணுது. வெளி எஞ்சின் மாட்டிருக்கேன்" என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது.

அவருடைய மனைவி ரோஸ்லின் காப்பி போட உள்ளே போனதும் என் கையைப் பிடித்தார். "பயமா இருக்குவே. இவகிட்ட சொன்னா அழுவா. உம்மகிட்ட சொல்லலாம்."

ஜெபிக்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். சும்மா இரும். இருந்தாப் போதும்."

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்வரை இருந்தேன். நாங்கள் லெந்து என்பதை அவர்கள் தவக்காலம் என்பார்கள். அந்தத் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை மிக்கேல் இறந்துபோனார்.

அடக்கத்துக்குப் போனேன். நான் இருமியபோது ரோஸ்லின் தலையைத் தூக்கிப் பார்த்தார். "இது அவுக இருமல் மாதிரியே இருக்கு" என்று சொல்லித் தேம்பினார். பிறகு என்னிடம், "ஒங்க சபையில இறந்தவங்களுக்காக வேண்டிக்கிட மாட்டீங்களாமே அண்ணாச்சி? அவுக சொல்லிச் சிரிப்பாக" என்றார்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் மாத்திரைப் பெட்டியைத் திறக்கவில்லை. யாருக்காகத் திறப்பது என்றிருந்தது. நான்காம் நாள் சிவகாமி டீச்சர் போன் செய்தார். அவர் அழுவது தெரிந்தது.

"மாத்திரை போட்டீங்களா?"

"இல்லை."

"அண்ணாச்சி, எனக்கு இப்ப நீங்க ஒரு ஆள்தான் மிச்சம். நீங்க நிறுத்தினா நானும் நிறுத்திருவேன். பாத்துக்கிடுங்க."

மிரட்டல்தான். அவரைப் போனில் காத்திருக்கச் சொல்லிவிட்டு விழுங்கினேன்.

அடுத்த ஞாயிறு, ஆராதனைக்கு முன்னால் ஒரு ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரைச் செல்லத்துரை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் வழக்கம் எங்களிடம் இல்லை. நன்றி சொல்லும் வழக்கம் உண்டு. காணிக்கை கொடுத்தவர் பெயரையும் காரணத்தையும் சபைக்கு முன் வாசிப்பார்கள்.

"சுகமானதுக்குன்னு எழுதிக்கிடவா தம்பி?"

"சுகமாகலை அண்ணாச்சி."

"பின்ன எதுக்கு ஸ்தோத்திரம்?"

"ஒரு ஆளைக் கேட்டேன். தந்தாரு. அதுக்கு."

"யாரு, நம்ம சபையா?"

"இல்ல, புன்னக்காயல். ஆர்.சி."

"இப்ப எப்படி இருக்காரு?"

"போன வாரம் அடக்கம் பண்ணினோம்."

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். பிறகு நான் சொன்னபடியே எழுதிக்கொண்டார். போதகர் ஐயா அதை வாசித்தார்: "வியாதியின் காலத்தில் மிக்கேல் பர்னாந்து என்ற நண்பரைத் தந்ததற்காக." பிரசவத்துக்கும் பரீட்சைக்கும் புது வீட்டுக்கும் நடுவில் அந்தப் பெயர் வந்தது. ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே போனபோது, செல்லத்துரை அண்ணாச்சி என் பெஞ்சுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்த மிக்கேலைப் பத்திச் சொல்லுங்க தம்பி, கேக்கேன்" என்றார். சொன்னேன். நடுவில் பலமுறை இருமினேன். அவர் முழுவதும் கேட்டார்.

போன மாதச் சோதனையில் கிருமி குறைந்திருக்கிறது, போகவில்லை. பேரனை இன்னும் கையில் தூக்கவில்லை. மே மாதம் வருகிறேன் என்று மகள் சொல்லியிருக்கிறாள். வரட்டும்.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது மாறாத வியாதி இருந்தால், சுகத்தைக் கேளுங்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதோடு ஓர் ஆளையும் கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். அவர் உங்கள் சபையிலிருந்து வராமல் இருக்கலாம், உங்களோடு நெடுநாள் இராமலும் போகலாம். வரும்போது பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். கேட்டதற்குமேல் எனக்குத் தந்த கர்த்தருக்கே துதி உண்டாவதாக.