அப்பா பார்க்காத ஆட்டம்

ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியதிலிருந்து பேட்டி எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். தோற்கிற நிலையிலிருந்த டென்னிஸ் ஆட்டத்தை எப்படித் திருப்பினீர்கள்? மனவலிமை, பயிற்சி என்று நானும் வாய்கூசாமல் அளந்துகொண்டிருக்கிறேன். பெங்களூரு ஈஜிபுராவில் இருக்கும் எங்கள் வீட்டில் கேட்டால் வேறு கதை வரும்.

அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். பதினைந்து வருஷம் விடிகாலையில் என்னை மைதானத்தில் இறக்கிவிட்டுச் சவாரிக்குப் போனவர். என் ஆட்டம் ஒன்றையாவது முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. பதக்கத்துக்கான ஆட்டத்தன்று வண்டியை நிறுத்திவிட்டு, சவரம் செய்து, தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு மத்தியானமே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாராம். ஆட்டம் சாயங்காலம்தான். அதற்குள் வரிசை வீட்டு ஜனம் முழுக்க எங்கள் வீட்டில் கூடிவிட்டது.

நான் முதல் செட்டைக் கோட்டை விட்டேன். இரண்டாவதில் ஒன்றுக்கு நாலு. அப்பாவுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஐந்து குடித்தனத்துக்கும் பொதுவான கக்கூஸுக்கு ஓடினார். அவர் திரும்புவதற்குள் நான் மூன்று கேமை வரிசையாக ஜெயித்து நாலுக்கு நாலு. அவர் வந்து உட்கார்ந்த கையோடு என் சர்வீஸ் இரண்டும் வலையில் போய் விழுந்தன.

எல்லோரும் அப்பாவைப் பார்த்திருக்கிறார்கள்.

"ஏங்க, நீங்க அங்கயே போய் இருங்க," என்றாள் அம்மா.

"இப்பத்தானடி போய்ட்டு வந்தேன்."

"அதெல்லாம் தெரியாது. புள்ள வாழ்க்கை. எந்திரிங்க."

அவர் உள்ளே போனதும் வீட்டு ஓனர் ஆன்ட்டி வெளியே தாழ்ப்பாள் போட்டு, "ஹொரகே பரபேடி," வெளியே வரக்கூடாது என்று கன்னடத்தில் கண்டித்துவிட்டு வந்தார். போனில் பார்த்தாலும் பார்த்ததுதானே என்று அம்மா போனையும் முன்னாடியே பிடுங்கி வைத்துக்கொண்டிருந்தாள். "ஸ்கோராவது சொல்லுடி," என்று அப்பா கெஞ்சியதற்கு, "சொன்னா கண்ணு பட்டுடும்," என்று பதில். ஒன்றரை மணி நேரம் இப்படியே. மூன்றாவது செட்டில் மாடி வீட்டு மாமாவுக்கு அவசரம் வந்தபோது அவரைப் பக்கத்துத் தெருவுக்கு விரட்டினார்களே தவிர, கதவைத் திறக்கவில்லை.

நான் ஜெயித்ததும் எல்லோரும் தெருவுக்கு ஓடிப் பட்டாசு வெடித்தார்கள். அப்பாவைத் திறந்துவிட வேண்டும் என்று அம்மாவுக்கு ஞாபகம் வர இன்னும் கால் மணி ஆனது.

பதக்கத்தோடு வீட்டுக்கு வந்த அன்று இதைச் சொன்னார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது என்று எடுத்துச் சொன்னேன். யார் கேட்டது? சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிறகு அழுகையும் வந்தது. பாவம், மனுஷன் எவ்வளவு ஆசையாக உட்கார்ந்திருப்பார். லேப்டாப்பில் முழு ஆட்டத்தின் பதிவையும் எடுத்துவைத்தேன்.

"வாப்பா, பக்கத்துல உக்காரு. மொதல்லேர்ந்து பாக்கலாம்."

அப்பா என் கழுத்திலிருந்த பதக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். திரையை ஒரு நிமிஷம் ஏக்கமாகப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணாம்மா. கெலிச்சாச்சு இல்ல? இப்ப நான் பாத்து, எதுக்கு ரிஸ்க்கு?"