பரு வந்தவர்களுக்கு வாழ்த்து

என் அக்காவிடம் ஆறுதலுக்காக ஒரு பொய் வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. பல்கலைக்கழக மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் அவள் ஆராய்ச்சி நர்ஸ். புது மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சிகளில் சேருகிற நோயாளிகளுக்கு மாத்திரை கொடுப்பாள், ரத்தம் எடுப்பாள், எந்தத் தொந்தரவு எப்போது ஆரம்பித்தது என்று துருவித் துருவிக் கேட்பாள். ஆள் பிழைப்பாரா என்று யாராவது கேட்டால் தெரியாது என்பாள். எங்கள் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அம்மா கேட்டதற்கும் அதே பதில்தான். அம்மா அதற்கப்புறம் ரொம்ப நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பிரேக்கை மிதி, பிரேக்கை மிதி என்று பகல் முழுக்கக் கத்திப் பழகிய தொண்டை எனக்கு. அக்கா நேர் எதிர். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தோம் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முதலில் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று திட்டுகிற நோயாளிகள்தான் பிறகு அவளையே தேடிப் போவார்கள். அவள் ஒன்றைச் சொன்னால் அது அப்படித்தான் இருக்கும் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும்.

என் மனைவிக்கு நுரையீரலில் புற்று வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் பீடி பற்றவைத்தாலே ஜன்னலைச் சாத்துகிறவள் அவள். அவளுக்குப் போய் அந்த இடத்தில் நோய். கடவுள் என்று ஒருத்தர் இருந்தால் என் வண்டியில் உட்காரவைத்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். வழக்கமான சிகிச்சை எல்லாம் நடந்தது. தலைமுடி கொட்டியது. நோய் கொஞ்சம் அடங்கியதே தவிரப் போகவில்லை. அப்போதுதான் டாக்டர் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். வழக்கமான மருந்தோடு கூடத் தினமும் ஒரு மாத்திரை. பாதிப் பேருக்குப் புது மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் அதே அளவில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கிற நர்ஸுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

அக்கா வேலை பார்க்கிற ஆராய்ச்சிதான் அது. சொந்தக்காரி என்பதால் என் மனைவியை மட்டும் வேறொரு நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு அவள் ஒதுங்கிக்கொண்டாள்.

மாத்திரை வாங்கும் நாட்களில் கீழ்த்தளத்துத் தாழ்வாரத்தில் எல்லோரும் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அங்கே ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. புது மருந்து வேலை செய்தால் பலருக்கு முகத்தில் பரு வரும் என்ற செய்தி எப்படியோ கசிந்திருந்தது. அதனால் வந்தவர்கள் உட்கார்ந்ததும் முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் ஆராய்வார்கள். கன்னமெல்லாம் சிவந்து கொப்புளமாக வருகிற ஆளுக்குக் கை கொடுத்து வாழ்த்துச் சொல்வார்கள். பேரன் எடுத்த ஒரு பஸ் கண்டக்டர் தன் மூக்கு நுனிப் பருவைப் பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி தூக்கிக் காட்டிக்கொண்டு திரிந்தார். முகம் பளிச்சென்று இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். என் மனைவி முகமும் பளிச்சென்றுதான் இருந்தது.

அக்கா தினமும் காலையில் வேலைக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போவாள். தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று மனைவியிடம் இரண்டு வார்த்தை. பரு என்ற பேச்சையே எடுக்க மாட்டாள். நான் ஒருமுறை கேட்டதற்கு, வராதவர்களுக்கும் மருந்து போயிருக்கலாம், வந்தவர்களுக்கு வேறு காரணத்தால் வந்திருக்கலாம் என்று பாடம் எடுத்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று கேட்டுவிட்டேன். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பிறகு ஒரு நாள் காலையில் மனைவி முகத்தில் பரு வந்தது. நெற்றியில் கொஞ்சம், இரண்டு கன்னத்திலும் திட்டுத் திட்டாக. நான் பாடம் நடத்தப் போகவில்லை, வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அக்கா வந்தாள். மனைவியின் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"மருந்துதான்டா," என்றாள். "அவளுக்கு மருந்துதான் போகுது."

வாழ்நாளில் முதல்முறையாக அக்கா தனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். நாங்கள் மூன்று பேரும் அந்த வாரம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பரு நிற்கவில்லை. தோல் உரிந்து நீர் வடிய ஆரம்பித்தது. அடுத்த முறை போனபோது டாக்டரின் முகம் மாறிவிட்டது. இவ்வளவு கடுமையாக இருந்தால் விதிப்படி மாத்திரையை நிறுத்த வேண்டும் என்றார். ஆறிய பிறகு மறுபடி கொடுத்துப் பார்க்கலாம், திரும்பவும் இப்படி வந்தால் ஆராய்ச்சியிலிருந்தே விலக்கிவிடுவோம் என்று சொல்லிவிட்டு, அடுத்த அறை நோயாளியைப் பார்த்துவிட்டு வருவதாகப் போனார்.

மனைவி தாழ்வாரத்துக்கு வந்து உட்கார்ந்தாள். அக்காவைக் கூட்டிவரச் சொன்னாள். அக்கா கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள்.

"அண்ணி, இது மாத்திரையால வந்தது இல்ல. நானா வரவச்சுக்கிட்டது."

எங்களுக்குப் புரியவில்லை. குளியலறை அலமாரியில் முடி நீக்குகிற கிரீம் ஒன்று பாதி தீர்ந்து கிடந்ததாம். முடியே இல்லாதவளுக்கு அது எதற்கு என்று அதை எடுத்து முகத்தில் தடவி, எரிகிற வரை விட்டு, உடம்பு தேய்க்கிற நாரால் தேய்த்திருக்கிறாள். நாளுக்கு நாள் கொஞ்சம் அதிகமாக. மாத்திரை உண்மையான மருந்தாகவே இருந்து அதை நிறுத்திவிட்டால், தன் உயிரைத் தானே தட்டிவிட்ட மாதிரி ஆகிவிடுமே என்று இப்போது பயம் வந்துவிட்டது.

ஏன் இப்படிச் செய்தாய் என்று நான் கத்தினேன். தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை.

"வாய் தெரியாதுன்னு சொல்லுது, அண்ணி. உங்க கண்ணு தினமும் காலையில என் மூஞ்சியில வந்து தேடுது. நானும் பாத்துட்டே இருந்தேன். ஒவ்வொரு நாளும் உங்களை வெறுங்கையோட அனுப்ப எனக்கு மனசு வரல."

அக்கா கையுறையைக் கழற்றினாள். பிறகு என் மனைவியின் கையைப் பிடித்து எழுப்பி டாக்டர் அறைக்குக் கூட்டிப்போனாள். தப்பு தன்னுடையது, ஒதுங்கி இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தினமும் போய் முகத்தைப் பார்த்தது தான்தான் என்று நின்றபடியே சொன்னாள். டாக்டர் இரண்டு பேரையும் கடிந்துகொண்டார். முகத்துக்கு மருந்து எழுதினார். மாத்திரை நிற்கவில்லை.

அதற்குப் பிறகும் அக்கா காலையில் வந்தாள். வந்து பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அதற்குள் தலையை விட்டுக்கொள்வாள். மூஞ்சியைப் பார்த்தால் கண் ஒன்றும் அவிந்துவிடாது அண்ணி என்று மனைவி கிண்டல் செய்வாள். முகம் ஆறிப் பழையபடி பளிச்சென்று ஆனது. நன்றாகத்தான் நடமாடினாள். அடுத்த ஸ்கேனும் அதற்கடுத்த ஸ்கேனும் மோசமில்லை. மழை ஆரம்பித்தபோது இருமலும் ஆரம்பித்தது. ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது, எலும்புக்கும் போயிருந்தது. வார்டில் சேர்த்தோம்.

அந்தக் கட்டத்தில் ஆராய்ச்சியிலிருந்து விலக்கிவிடுவார்கள். இத்தனை நாள் சாப்பிட்டது எது என்று விரும்பினால் தெரிந்துகொள்ளலாம் என்றார் டாக்டர். தெரிய வேண்டும், ஆனால் அண்ணி வாயால்தான் தெரிய வேண்டும் என்றாள் மனைவி. டாக்டர் அக்காவை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். அவள் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இந்த முறை முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வெறும் மாத்திரைதாம்மா."

நான் சுவரில் ஓங்கிக் குத்தினேன். என் கை வலித்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. இத்தனை நாள் விழுங்கியதெல்லாம் வீண்தானா என்று மனைவி கேட்டாள். வீண் இல்லை என்றாள் அக்கா. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்கள் இல்லையென்றால் அந்த மருந்து கேட்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது, இது எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்றாள்.

"எனக்கு வராதது வேற யாருக்கோ போயிருக்கும்ல?"

"போயிருக்கும்."

"அப்ப அவ மூஞ்சியைப் போய்ப் பாருங்க, அண்ணி. என்னையே எத்தனை நாளைக்குப் பாத்துட்டிருப்பீங்க."

"யாருன்னு எனக்குத் தெரியாதேம்மா."

"தெரிய வேணாம். எல்லார் மூஞ்சியும் பாருங்க."

அப்பா செத்தபோதுகூட அழாத அக்கா என் மனைவியின் கையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். என் மனைவி மொட்டைத் தலையோடு அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு மாத்திரை வாங்கும் நாள். கீழே தாழ்வாரத்தில் ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள் என்று ஒரு நர்ஸ் வந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள். அக்கா எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.