அது ‘லேடீஸ் மேட்டர்’ இல்லை சார்!

போன வாரம் பொத்தேரியில் ரயில் ஏறியதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சனிக்கிழமை மாமியார் வர்றாங்க. பாப்பாவுக்குப் பண்ணிடணுமாம்.”

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. நான் வேலை பார்க்கும் கல்லூரியில்தான் அவரும் ஆசிரியை. பெயர் சொல்ல மாட்டேன். எந்த மதம், எந்த ஊர்க்காரர்கள் என்றும் சொல்ல மாட்டேன். சொன்னால், ‘ஓ, அவங்களா!’ என்று நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். அந்த நிம்மதியைக் கொடுக்க எனக்கு மனசில்லை.

அக்காவின் மகள் பாப்பாவுக்கு ஏழு வயது. ‘பண்ணுவது’ என்றால்... அந்தக் குழந்தையின் பிறப்புறுப்பில் ஒரு பகுதியை வெட்டுவது. ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். ஏதோ தூரதேசத்தில் இல்லை. நம்மோடு தாம்பரம் லோக்கலில் வரும் ஒரு குடும்பத்தில்.

“உங்களுக்கும் பண்ணாங்களாக்கா?”

“பூனைக்குட்டி காட்டறேன்னு பெரியம்மா கூட்டிட்டுப் போனாங்க. அந்த வீட்ல பூனையே இல்லடி.”

வண்டலூர் தாண்டியது. பிறகு கேட்டேன் — “உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?”

“அது லேடீஸ் மேட்டர், நான் தலையிட மாட்டேன்னு சொல்லிட்டாரு.”

மறுநாள் ஸ்டாஃப் ரூமில், யாருடைய கதை என்று சொல்லாமல், விலங்கியல் சாரிடம் கேட்டேன். இந்தப் பழக்கம் எங்கிருந்து சார் வந்தது?

சார் தயிர்சாத டப்பாவைத் திறந்தபடியே பாடத்தைத் தொடங்கினார். “இதுக்கு எவல்யூஷன்ல லாஜிக் இருக்கு மேடம். ஒரு வகைச் சிலந்தி உண்டு. ஆண் சிலந்தி கூடி முடிச்சதும் பெண்ணோட உறுப்பைச் சேதம் பண்ணிடும். அப்புறம் வேற ஆண் சேர முடியாது. பொறக்கறது தன்னோடதுதான்னு கேரண்டி! மனுஷனும் அந்த மாதிரிதான்...”

பக்கத்து மேஜை மேடம் உச்சுக் கொட்டினார். “நல்லவேளை, நம்ம ஆளுங்கள்ல இதெல்லாம் கிடையாது.”

எனக்குச் சுர்ரென்றது.

“சார், சிலந்தி பூனைக்குட்டி காட்டறேன்னு பொய் சொல்லாது. ஏழு வயசுப் பிள்ளையைத் தேடிப் போகாது. முக்கியமா, அந்த வேலைக்குத் தன்னோட அம்மாவை அனுப்பாது!”

“கோவப்படாதீங்க மேடம். நான் சயின்ஸ்தான் சொன்னேன்.”

சயின்ஸ் மேல் எனக்கு என்ன கோபம்? எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நான். படிப்பின் அருமை எனக்குத் தெரியும். அதனால்தான் அன்று மாலையே லைப்ரரியில் உட்கார்ந்து படித்தேன். இது எங்கே தொடங்கியது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இன்றைய பெரிய மதங்கள் சிலவற்றைவிடப் பழையது என்கிறார்கள். பெண்களைப் பூட்டி வைத்த ராஜாக்களின் அந்தப்புரத்தில் ஆரம்பித்திருக்கலாம் என்று ஒரு ஊகம். பிறகு, வெட்டாத பெண்ணுக்குக் கல்யாணம் நடக்காது என்ற பயம். பக்கத்து வீடு நிறுத்தாதவரை எந்த வீடும் தனியாக நிறுத்தத் துணியவில்லை. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் கோட்டுப் போட்ட டாக்டர்களே பெண்களுக்கு இதைச் செய்து ‘சிகிச்சை’ என்றார்கள்.

காரணம் எதுவாகவும் இருக்கட்டும். காரணம் இருப்பதாலேயே அது நியாயமாகிவிடுமா?

‘நம்ம ஆளுங்க’ மேடத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நான் வயசுக்கு வந்ததை ஃப்ளெக்ஸ் பேனர் அடித்து, மைக் செட் கட்டித் தெருவுக்கே அறிவித்த குடும்பம் என்னுடையது. என்னை யாராவது கேட்டார்களா? வெட்டுவதும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் பெண்ணின் உடம்பு ஊர்ச்சொத்து என்ற நினைப்பு இருக்கிறதே, அது நம் வீட்டிலும் சௌகரியமாகத்தான் குடியிருக்கிறது.

சனிக்கிழமை வந்தது. மாமியாரும் வந்தார். திங்கட்கிழமை ரயிலில் அக்கா சொன்னதை அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

அக்கா சண்டை போடவில்லை. ஹாலில் எல்லோரும் இருக்கும்போது கணவரிடம் சொன்னாராம்:

“சரி, பண்ணிடலாம். ஆனா பாப்பாவை நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். எங்க போறோம்னு அவ கேட்டா நீங்கதான் பொய் சொல்லணும். உள்ள வந்து, அவ கத்தும்போது கையையும் நீங்கதான் அமுக்கிப் பிடிக்கணும்.”

“நானா? அதெல்லாம் ஆம்பளைங்க...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். பாப்பா அவர் மடியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தது.

அப்போது பேசியது மாமியார்தான். யார் முகத்தையும் பார்க்காமல், மெதுவாக.

“என்னைக் கூட்டிட்டுப் போன அன்னைக்கு எங்கப்பா வாசல்ல உக்காந்து பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தாரு.”

அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ரயிலேற்றிவிட்டு வந்த கணவர், “இனிமே இதைப் பத்தி யார் கேட்டாலும் என்கிட்ட பேசச் சொல்லு” என்றாராம்.

வாசலில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கும் அப்பாக்களே... பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள்!