லில்லி புஷ்பத்தின் மூளையை யாரும் பார்க்கவில்லை

லில்லிக்குப் பக்கவாதம் வந்த செய்தியும் அவள் போய்ச் சேர்ந்த செய்தியும் எனக்கு ஒன்றாகவே வந்தன. சென்னையில் மகள் வீட்டில் இருந்தேன். அவள் தம்பி ஜெபராஜ்தான் பேசினான். "டாக்டரே, அக்கா போயிட்டா. தூங்கி எந்திச்சப்பமே ஒரு பக்கம் வரேல்ல, பேச்சும் இல்ல."

"ஸ்கேன் எடுத்தாவளா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"சி.டி. எடுத்தாவ. ரத்தக்கசிவு இல்லயாம். ஆனா எப்ப வந்துன்னு நமக்குத் தெரியாதுல்லா, அதனால ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி போட முடியாதுன்னுட்டாவ."

"எம்.ஆர்.ஐ?"

"அதுக்கு ஆளு வரணும்னாவ. பொறவு யாரும் அதப் பத்திப் பேசேல்ல."

போனை வைத்துவிட்டு நான் அழவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினேன். மகள் பயந்துபோனாள்.

நாகர்கோவிலில் வாழ்நாள் முழுக்க மூளைப் படங்களைப் பார்த்துச் சொன்ன ரேடியாலஜிஸ்ட் என் தோழி லில்லி. அவளை அறிந்தவர்களுக்கு இந்த அநியாயம் புரியும். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அடைப்பு வந்த சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் அந்த ஊசி பலிக்கும். எம்.ஆர்.ஐயில் ஒருவகைப் படத்தில் மூளையின் பாதிப்பு சீக்கிரமே தெரியும். இன்னொரு வகையில் தெரியச் சில மணி நேரம் ஆகும். முதலாவதில் தெரிந்து இரண்டாவதில் தெரியாவிட்டால், அடைப்பு புதியது. ஊசி போடுவதை யோசிக்கலாம். தூக்கத்தில் வந்த பக்கவாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. "வீட்டுக்காரங்களுக்கு நேரம் தெரியாட்டா என்ன ஏட்டி, மூளைக்குத் தெரியும்" என்பாள்.

கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டுகிற ஒருவரை அப்படித்தான் கொண்டுவந்தார்கள். விடியுமுன் வேலைக்குப் போக எழுப்பினால் கை கால் அசையவில்லை. நம் ஊர் வழக்கப்படி முதலில் வர்ம ஆசானிடம் கொண்டுபோய், தலையிலிருந்து கால்வரை எண்ணெய் தடவிவிட்டு, பிறகுதான் ஆஸ்பத்திரி. ஸ்கேன் மேஜையில் ஆள் வழுக்கினார். லில்லி திட்டிய திட்டு வெளி வராந்தாவரை கேட்டது. திட்டிக்கொண்டே படமும் எடுத்தாள். பாதிப்பு புதியது. ஊசி போட்டார்கள், மனிதர் நடந்து வீட்டுக்குப் போனார். போகும்போது அவர் மனைவி, "ஆசான் தடவினதுதான் டாக்டரே கேட்டுது" என்றாள். லில்லி என்னைப் பார்த்து, "நடக்காருல்லா, யாரு பேர வேணும்னாலும் சொல்லட்டு" என்றாள்.

எண்ணெய் தடவியவர்களை மன்னித்தாள். படித்தவர்களை மன்னிக்கவில்லை. மருத்துவர்கள் கூட்டம் ஒன்றில் இதைப் பற்றி அவள் பேசியபோது, மூத்த மருத்துவர் ஒருவர், "லில்லி, படத்தைப் பாத்து ஜோசியம் சொல்லுதியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். "பாக்காம சொல்லுததுதான் சார் ஜோசியம்" என்றாள். வீட்டுக்குப் போனதும் எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

அடக்கத்துக்கு அந்தக் கூட்டத்தில் சிரித்தவர்களும் வந்திருந்தார்கள். பெரிய பெரிய மலர்வளையங்கள். "கர்த்தருடைய சித்தம்" என்று என் கையைப் பிடித்தார் ஒருவர். எம்.ஆர்.ஐ அறையைப் பூட்டி வைத்தது கர்த்தர் இல்லை என்றேன். கையை எடுத்துக்கொண்டார். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. அவள் வயதுக்கு, அவ்வளவு பெரிய அடைப்புக்கு, வேறு யார் படமாக இருந்தாலும் அவளே பார்த்துவிட்டு ஒருவேளை வேண்டாம் என்றிருப்பாள். அவர்களும் பார்த்துவிட்டு வேண்டாம் என்றிருக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

என் ஊர் கருங்கலுக்குத் திரும்பிய வாரமே, மண்டைக்காட்டுக் கடைக்காரர் ஒருவரை என் கிளினிக்குக்குக் கூட்டிவந்தார்கள். தூங்கி எழுந்தால் இடது கைக்கு அசைவு இல்லை. எப்போது வந்தது, தெரியாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, அங்கே போன் செய்தேன். "எம்.ஆர்.ஐக்கு ஆளு இன்னும் வரல்ல மேடம்" என்றான் டியூட்டி டாக்டர். "வண்டி அனுப்பி அந்த ஆளத் தூக்கிட்டு வா. இல்லன்னா நானே வந்து உன் வாசல்ல இருந்து கத்துவேன்" என்றேன். யாரிடமும் உரக்கப் பேசாதவள் நான்.

படம் எடுத்தார்கள். பாதிப்பு பழையதாகிவிட்டிருந்தது, ஊசி போட முடியவில்லை. ஆனால் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். லில்லிக்கு அதுகூட நடக்கவில்லை.

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தக் கோபம்தான். ஆறுதல் சொல்ல யாரும் வர வேண்டாம். எனக்கு இது ஆறக் கூடாது.