சைரனை அணைத்தவர்

மூக்கர் என்றால் அந்த ஆய்வுக்கூடத்தில் தெரியாதவர் இல்லை. எந்தக் குழாய் கசிந்தாலும் முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவார் என்று வைத்த பெயர். ஆனால் முப்பது வருடமாக அவர் கட்டி மேய்த்த ஆர்கான் வாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. காற்றைவிடக் கனம். சத்தமில்லாமல் தரையில் தேங்கி மூச்சை நிறுத்திவிடும். அதனிடம் அவர் மூக்கு வெறும் அலங்காரம்தான்.

பூமிக்கு அடியில் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், பழைய சுரங்கத்துக்குள், ஒரு பெரிய தொட்டி நிறையத் திரவ ஆர்கான். நட்சத்திரம், மண், மனிதன் எல்லாம் சேர்த்தாலும் பிரபஞ்சத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குதானாம். மீதி என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. அந்த மீதியிலிருந்து ஒரே ஒரு துகளாவது தொட்டியில் மோதி, பொட்டு வெளிச்சம் தராதா என்று காத்துக்கிடந்தார்கள். காத்துக்கிடந்தவர்களுக்குத் தலைவி அவருடைய மகள்.

"அப்பா, கீழ ஆக்சிஜன் குறைஞ்சா அலறற சைரன் தன்னைத்தானே சோதிச்சுக்கறப்பல்லாம் திரையில பொய்ப்புள்ளி விழுது. பத்து நாளைக்கு அணைச்சு வைங்களேன். அதான் எல்லார் இடுப்புலயும் ஆக்சிஜன் பாக்கற சின்ன மீட்டர் இருக்கே."

மகள் பேச்சைத் தட்டி அவருக்குப் பழக்கமில்லை. அணைத்தார். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

ஏழாம் நாள் காலை, மேலே கட்டுப்பாட்டு அறையில் பார்த்தபோது ஆர்கான் அழுத்தம் லேசாக இறங்கியிருந்தது; எங்கோ கசிவு. மேஜையைப் பார்த்தார். மருமகனின் மீட்டர் சார்ஜரிலேயே கிடந்தது. அவன் கீழே தனியாக ஷிஃப்டில் இருந்தான். மூக்கர் சுரங்கத்துக்குப் பேசும் போனை எடுத்தார்.

"மாப்பிள்ளை, உடனே மேல வாங்க!"

"மாமாவா?" மருமகன் சிரித்தான். சிரிக்க அங்கே ஒன்றுமே இல்லை. "காலெல்லாம் பஞ்சு மாதிரி இருக்கு மாமா... கொஞ்சம் கீழ உக்காந்துட்டு..."

"உக்காராதீங்க! தரையில உக்காராதீங்க!"

பதில் வரவில்லை. மீட்பு ஆட்களைக் கீழே விரட்டினார். லிஃப்ட் கீழே போய்ச் சேரவே ஒன்பது நிமிடம் ஆகும். சைரனைப் போட்டார். ரிசீவருக்குள் அது அலறியது. காலடிச் சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று காதை அழுத்தி வைத்துக்கொண்டார். கேட்கவில்லை.

பக்கத்து அறையிலிருந்து மகள் ஓடிவந்தாள்.

"அப்பா! ஏன் ஆன் பண்ணீங்க? ஏழு நாள் பாடு! எல்லாம் போச்சு!"

மூக்கர் ரிசீவரை அவளிடம் நீட்டினார். அவள் வெடுக்கென்று பிடுங்கிக் காதில் வைத்தாள்.

"ஏங்க, நீங்களாச்சும் அப்பாகிட்ட எடுத்துச் சொல்லுங்க" என்றாள்.